பதினோரு அடியும் பதினேழு அடியும்

மந்தைவெளியில் எங்கள் வீட்டு வாசலில் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். ஒன்று என்னுடைய மாருதி 800, 1993 மாடல். நிறம் வெள்ளை என்று ஆர்.சி. புத்தகம் சொல்கிறது. இன்னொன்று மாப்பிள்ளையின் இசுசு வி-கிராஸ் பிக்கப். முன்னால் ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் லாரி மாதிரி திறந்த தொட்டி. எங்கள் தெரு இஸ்திரிக்காரர் அதை முதல்முறை பார்த்தபோது, "என்னா சார், குட்டியானைன்னு சொன்னாங்க, பெரிய யானையாவே வந்துடுச்சு!" என்றார். எதிர்வீட்டுப் பேரன் இன்னும் ஒருபடி மேலே போய், "தாத்தா, உங்க காரைத் தூக்கி அந்தத் தொட்டியில வச்சிடலாமா?" என்று கேட்டான்.

வைக்க முடியாது. தொட்டியின் நீளம் ஐந்தடிக்கும் கொஞ்சம் குறைவு. டேப் வைத்து அளந்து பார்த்துவிட்டேன்.

முப்பத்தெட்டு வருஷம் சர்க்கார் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு அளக்காமல் தூக்கம் வராது. ஆபீசில் எதை வாங்குவதென்றாலும் 'கம்பேரட்டிவ் ஸ்டேட்மெண்ட்' போட வேண்டும். இடப்பக்கம் இது, வலப்பக்கம் அது, கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். அந்தக் கடைசிக் கட்டத்தை மேலதிகாரிதான் நிரப்புவார். அந்தப் பழக்கத்தில் இந்த இரண்டு வண்டிகளுக்கும் ஒரு ஸ்டேட்மெண்ட் போட்டேன். குறிப்பு நிரம்ப ஆறு மாதமாயிற்று. அந்தக் கதைதான் இது.

அதற்கு முன் ஒரு பழைய கார். நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். 1954 நவம்பரிலேயே பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டாலும், சட்டப்படி ஊர் இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்டில்தான். அந்த இடைக்காலத்துப் பிள்ளை நான். வாத்தியார் வாரம் தவறாமல் 'டிக்தே' நடத்துவார். அவர் சொல்லச் சொல்ல நாங்கள் பிழையில்லாமல் எழுத வேண்டும். ஒரு பிழைக்கு ஒரு மார்க் போய்விடும். அவரிடம் ஒரு சித்ரோவன் கார் இருந்தது. பெயர் 'தெ ஷெவோ', அதாவது இரண்டு குதிரை. தகரப் பெட்டிக்குத் துணிக்கூரை போட்டதுபோல் இருக்கும்.

அந்தக் காரின் கதையை ஒருநாள் டிக்தேயாகவே கொடுத்தார். அதைத் திட்டமிட்டபோது சித்ரோவன் முதலாளி தன் பொறியாளர்களிடம் கேட்டது அழகான காரை அல்ல. இரண்டு குடியானவர்களையும் ஐம்பது கிலோ உருளைக்கிழங்கையும் ஏற்றிக்கொள்ள வேண்டும், உழுத வயலில் ஓட்டினாலும் கூடையிலுள்ள முட்டை உடையக் கூடாது. இவ்வளவுதான் நிபந்தனை. 1948-இல் பாரீஸ் கண்காட்சியில் அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. முதலில் வந்த வண்டியின் இன்ஜின் 375 சி.சி., சக்தி ஒன்பது குதிரை. ஆனாலும் 1990 வரை அந்தக் காரைத் தயாரித்தார்கள். "முதலில் யாரை ஏற்றப்போகிறாய் என்று கேள். பிறகு வண்டியைச் செய்" என்பார் வாத்தியார். டிக்தேயில் எனக்கு இரண்டு பிழை வந்தது. அந்தக் கேள்வி மட்டும் மனதில் தங்கிவிட்டது.

பிறகு 1972-இல் வேலை கிடைத்தது. இரண்டு வருஷத்தில் சென்னைக்கு மாற்றல். பாண்டி பஜாரின் பெயரைக் கேட்டதும் நம்ம ஊர்க் கடைத்தெரு என்று நினைத்து ஆசையாகப் போனேன். அது புதுச்சேரிப் பாண்டி அல்ல, சௌந்தரபாண்டியனார் பெயரில் அமைந்த அங்காடி என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. இருபத்து மூன்று வருஷம் 12-பி, 5-பி என்று பஸ்ஸிலும் சைக்கிளிலும் காலம் போயிற்று.

1997-இல் பி.எஃப். முன்பணம் எடுத்து, மாற்றலாகிப் போகும் ஓர் அதிகாரியிடமிருந்து இந்த மாருதியை வாங்கினேன். நாலு வருஷம் ஓடிய வண்டி. அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று என் மனைவி நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். கிளப்பினேன், வண்டி அணைந்துபோயிற்று. மறுபடி கிளப்பினேன், மறுபடி அணைந்தது. மூன்றாவது தடவைதான் பழம் நசுங்கியது.

என் வயதுக்காரர்களுக்கு மாருதியைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1983 டிசம்பர் 14-ஆம் தேதி இந்திரா காந்தி முதல் வண்டியின் சாவியைக் கொடுத்தபோது, அம்பாசடரும் பியட்டும் தவிர வேறு கார் வாங்குவது நம்மைப் போன்றவர்களுக்குக் கனவு. இந்தியாவில் மட்டும் இருபத்தைந்து லட்சத்துக்கும் மேல் விற்றது. 2010 ஏப்ரலில் புகைவிதிகள் கடுமையானபோது சென்னை உட்படப் பெரிய நகரங்களில் அதன் விற்பனை நின்றது. 2014 ஜனவரியில் தயாரிப்பும் நின்றுபோயிற்று.

எங்கள் வண்டி மட்டும் நிற்கவில்லை. பெண்ணைப் பரீட்சைக்குக் கொண்டுவிட்டது, புதுச்சேரியில் அம்மா காலமானபோது இராத்திரியோடு இராத்திரியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது எல்லாம் அதுதான். கபாலி கோயில் மாட வீதியில், காய்கறித் தள்ளுவண்டிக்கும் பூக்கடைக்கும் நடுவே இருக்கும் சந்தில் அது திரும்புகிற அழகைப் பார்க்க வேண்டும்!

மாப்பிள்ளையும் பெண்ணும் இருப்பது அடையாறு காந்தி நகரில். 2023 ஜூலையில் அவர் வி-கிராஸ் வாங்கினார். சனி ஞாயிறு வந்தால் மலைக்கும் காட்டுக்கும் போகிற மனிதர். நண்பர்களோடு கூடாரம், அடுப்பு, சைக்கிள் எல்லாம் ஏற்றிக்கொண்டு போவாராம். வண்டி தயாராவது ஸ்ரீசிட்டியில், நம் கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் நுழைந்ததும் வருகிற ஊர். "மாமா, உங்க வண்டி குர்கான்லேர்ந்து வந்தது. இதுதான் உள்ளூர்" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கோபத்தில்தான் ஸ்டேட்மெண்ட் போட்டேன்.

நீளம்: மாருதி 3,335 மில்லிமீட்டர், பதினோரு அடிக்குக் கொஞ்சம் குறைவு. வி-கிராஸ் 5,295, பதினேழே கால் அடிக்கு மேல். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி வி-கிராஸில் 3,095. அதாவது அதன் சக்கர இடைவெளியே கிட்டத்தட்ட என் முழுக் கார் அளவுக்கு வந்துவிடுகிறது. அகலம் நாலே முக்கால் அடி, ஆறடி. இன்ஜின் 796 சி.சி., 1,898 சி.சி. சக்தி நாற்பது குதிரைக்கும் குறைவு, 163 குதிரை. எடை ஏறக்குறைய 650 கிலோ, சுமார் இரண்டு டன். திரும்ப வேண்டிய ஆரம் 4.4 மீட்டர், ஆறு மீட்டருக்கு மேல்.

'குறிப்பு' கட்டத்தில் பென்சிலால் எழுதினேன்: 'இரண்டு பேர் போக இரண்டு டன் எதற்கு?'

இதைப் பெண்ணிடம் காட்டினேன். அவள் வேறு கணக்குப் போட்டாள். "அப்பா, அந்த வண்டிக்கு முப்பது வயசு. ஏர்பேக் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது. அதுல அம்மாவை வாரத்துக்கு மூணு நாள் விடிகாலையில கூட்டிட்டுப் போறீங்க. கொடுத்துடுங்கப்பா."

என் மனைவிக்கு 2019 முதல் டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி. தி.நகரில் ஒரு மருத்துவமனையில் காலை ஆறு மணி ஷிப்ட், நாலு மணி நேரம். ஐந்தேகாலுக்குக் கிளம்புவோம். லஸ், ஆழ்வார்பேட்டை, எல்டாம்ஸ் சாலை, தேனாம்பேட்டை. அந்த நேரத்தில் சாலை நம்முடையது.

பெண் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. "பிப்ரவரியிலதாம்மா எஃப்.சி. எடுத்தேன். 2028 வரைக்கும் ஓடலாம்னு சர்க்காரே சொல்லியிருக்கு" என்றேன். பதினைந்து வயதைத் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கக் கட்டணம் 600 ரூபாயாக இருந்ததை 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆக்கிவிட்டார்கள். அதையும் கட்டியிருந்தேன். டில்லியானால் அப்போது பதினைந்து வருஷப் பெட்ரோல் வண்டியை ரோட்டில் எடுக்கவே முடியாது என்றிருந்தது. இங்கே ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை சோதனை செய்து விடுகிறார்கள். என் லைசென்சுக்கும் அதே ஐந்து வருஷம்தான், டாக்டர் சர்ட்டிபிகேட்டோடு. எனக்கும் வண்டிக்கும் ஒரே எஃப்.சி. என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. 3-ஆம் தேதி இரவு பிடித்த மழை 4-ஆம் தேதி, திங்கட்கிழமை, நாள் முழுக்கக் கொட்டியது. கரண்ட் இல்லை, செல்போன் சிக்னல் இல்லை. தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். மாருதியின் கதவுக்குள் தண்ணீர் புகுந்து சீட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. 2015 வெள்ளத்திலும் அது இப்படித்தான் நின்றது. அப்போது மெக்கானிக் சொன்ன பாடம் நினைவிருந்தது: "சார், தண்ணியில நின்ன வண்டியில சாவியைப் போட்டுத் திருப்பாதீங்க. இன்ஜின் தண்ணியை உறிஞ்சிட்டா ராடு வளைஞ்சிடும்." ஆகவே திங்கட்கிழமை டயாலிசிஸ் போகவில்லை.

வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவளுக்கு டயாலிசிஸ் நடக்கவில்லை. திங்கள் இரவு கால் வீங்கியது. செவ்வாய் விடிகாலையில் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே இருந்தாள். இந்த நோய் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு அது என்னவென்று தெரியும். வெளியேற வேண்டிய நீர் நுரையீரலை நோக்கிப் போகிறது. தூக்கிப் போட மனசில்லாமல் வைத்திருந்த பழைய லேண்ட்லைன் நல்லவேளையாக உயிரோடு இருந்தது. மருத்துவமனைக்குப் போன் செய்தேன். ஜெனரேட்டரில் மிஷின்கள் ஓடுகின்றன, எப்படியாவது கூட்டி வாருங்கள் என்றார்கள். ஆம்புலன்ஸ்கள் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருந்தன. அந்த நாளில் யாரையும் குறை சொல்ல முடியாது. பெண் வீட்டுக்குப் போன் போகவில்லை.

எட்டு மணிக்குத் தெருமுனையில் டீசல் இன்ஜின் சத்தம். யாரும் கூப்பிடாமலேயே மாப்பிள்ளை அடையாற்றைத் தாண்டி வந்துவிட்டார். திங்கட்கிழமை டயாலிசிஸ் தவறியிருக்கும் என்று அவருக்கே கணக்குத் தெரிந்திருந்தது. நான்கு சக்கரமும் இழுக்கும்படி போட்டு, நடக்கிற வேகத்தில் வந்தார். வேகமாக வந்தால் அலை எழும்பித் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் போகும். இரண்டு நாளாக அப்படி ஓட்டியவர்களை எங்கள் தெரு ஏசிக்கொண்டிருந்தது. இவரை யாரும் ஏசவில்லை.

மனைவியை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, இவரும் இஸ்திரிக்காரரும் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். தோளுயரத்தில் தூக்கிய நாற்காலி வி-கிராஸின் சீட்டு உயரத்துக்குச் சரியாக இருந்தது. அப்படியே நகர்ந்து உட்கார்ந்துவிட்டாள். மாருதியானால் அவளைத் தண்ணீருக்குள்தான் இறக்கியிருக்க வேண்டும். பதினைந்து நிமிஷத்துப் பாதைக்கு ஒரு மணி நேரமாயிற்று. ஒன்பதரைக்கு மிஷினில் போட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து அவள் கண்ணைத் திறந்து, "ஏங்க, சாப்ட்டீங்களா?" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை.

அதற்குள் மாப்பிள்ளை எங்கோ அலைந்து, அந்த வாரம் ஊரே தேடிக்கொண்டிருந்த பால் பாக்கெட்டுகளையும் தண்ணீர் கேன்களையும் தொட்டி நிறைய ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் தெருவில் இறக்கினார். வீட்டுக்கு வந்ததும் ஸ்டேட்மெண்ட்டை எடுத்து, பென்சிலால் எழுதியிருந்த குறிப்பை ரப்பரால் அழித்தேன்.

இத்தோடு முடித்திருந்தால், 'பெரியதே நல்லது' என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். அடுத்த வாரம் தண்ணீர் வடிந்து தெரு பழையபடி ஆயிற்று. மாருதி மெக்கானிக்கிடம் போயிருந்தது. மாப்பிள்ளை தினமும் வி-கிராஸையே கொண்டுவந்தார். இப்போது தண்ணீரும் இல்லை, நாற்காலியைத் தூக்க ஆளும் இல்லை. அவள் தானே ஏற வேண்டும். முன்சீட்டில் ஏறுபவர் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி இடது கைப்பக்கம் வருகிறது. டயாலிசிஸுக்காக அவளுக்கு ஃபிஸ்டுலா போட்டிருப்பது இடது கையில். அந்தக் கையால் பாரம் தாங்கக் கூடாது. வீட்டிலிருந்து மணைக்கட்டையை எடுத்துப்போய்ப் போட்டோம். அதில் ஏறி நின்று, மறுபடி ஓர் எட்டு வைக்க வேண்டும். டயாலிசிஸ் முடிந்து தலை சுற்றலோடு இறங்கும்போது நான் கீழே நின்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருப்பேன். எனக்கு எழுபத்து மூன்று வயது. அவள் விழுந்தால் இருவரும்தான் விழுவோம்.

மருத்துவமனைச் சந்தில் இரண்டு பக்கமும் பைக்குகள். வி-கிராஸ் உள்ளே போனால் திரும்ப வழியில்லை. தெருமுனையிலேயே இறக்கிவிட்டு நடத்திக் கூட்டிப்போக வேண்டும். மூன்றாம் நாள் அவளே கேட்டாள்: "நம்ம வண்டி எப்பங்க வரும்? அதுல நான் திரும்பி உட்கார்ந்துக்கிட்டு காலை உள்ளே எடுத்து வச்சிக்குவேன்."

மாருதி பத்தாம் நாள் வந்தது. ஆயிலை மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து, சீட்டையும் கார்ப்பெட்டையும் மொட்டைமாடியில் காயவைத்ததோடு சரி. கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத வண்டி. உலர்த்தினால் ஓடும். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

டிசம்பர் கடைசி வாரம், ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலை. பனியும் இருட்டுமாக இருந்தது. ஆழ்வார்பேட்டையில் திரும்பும்போது விளக்கில்லாத ஒரு சைக்கிள். பேப்பர் போடுகிற பையன். எனக்கு அவன் தெரியவே இல்லை. "ஏங்க!" என்று அவள் கத்தினாள். பிரேக்கை மிதித்தேன். ஒரு முழ இடைவெளி இருந்திருக்கும். அந்தப் பையன் ஒன்றும் சொல்லாமல் பேப்பர் கட்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டான். அவன் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

தேனாம்பேட்டை வரை அவள் பேசவில்லை. பிறகு மெதுவாக, "வண்டி நல்லாத்தாங்க இருக்கு" என்றாள். மீதியைச் சொல்லவில்லை. ஐம்பது வருஷம் குடும்பம் நடத்தியவளின் மீதி வாக்கியம் புரியாமல் போகுமா?

எந்த வண்டி நல்லது என்று ஆறு மாதம் கணக்குப் போட்டேனே, ஓட்டுகிறவனுக்கு அதில் ஒரு கட்டம் போடவில்லை. இரண்டு வண்டியின் வயதையும் எழுதியவன் என் வயதை எழுதவில்லை. எஃப்.சி. ஒன்று என்று வேடிக்கை பேசியது வேறு. வாத்தியாரின் கேள்வியிலும் பாதிதான் எனக்கு நினைவிருந்தது போலிருக்கிறது. யாரை ஏற்றப்போகிறாய் என்று கேட்ட பிறகு, யார் ஓட்டப்போகிறார் என்றும் கேட்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தபோது சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தேன். விற்கச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் முகம் மாறியது. "இல்லை மாப்பிள்ளை. வண்டி இங்கேயே இருக்கட்டும். நீங்க ஓட்டக் கத்துக்கணும்" என்றேன்.

163 குதிரையை ஓட்டுகிற மனிதருக்கு இந்த முப்பத்துச் சொச்சம் குதிரை அடங்கவில்லை. பவர் ஸ்டியரிங் கிடையாது, கியர் நாலே நாலு. காலையில் சோக்கை இழுத்துவிட்டுத்தான் கிளப்ப வேண்டும். ஐந்தாவது கியரைத் தேடித்தேடிக் கை சலித்தார். ஆறடி உயரம். முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறது. முதல் நாள் எங்கள் தெருவிலேயே மூன்று முறை அணைத்துவிட்டார். எலுமிச்சம்பழம் வைத்த நாள் எனக்கு நினைவு வந்தது. சொல்லவில்லை.

இப்போது திங்களும் வெள்ளியும் அவர் அடையாற்றிலிருந்து ஐந்து மணிக்கு வி-கிராஸில் வந்து, அதை வாசலில் நிறுத்திவிட்டு, மாருதியில் எங்களைக் கூட்டிப்போகிறார். புதன்கிழமை கால் டாக்ஸி. மழை பெய்தால் வி-கிராஸ், மணைக்கட்டையோடு. ஸ்டேட்மெண்ட்டின் குறிப்புக் கட்டத்தில் இந்த ஏற்பாட்டைத்தான் மையால் எழுதி வைத்திருக்கிறேன்.

அந்த முதல் திங்கட்கிழமை, என் சொந்தக் காரின் பின்சீட்டில் முதன்முறையாக உட்கார்ந்தேன். வாங்கி இருபத்தாறு வருஷம் ஆகியும் பின்சீட்டிலிருந்து அந்த வண்டியை நான் பார்த்ததே இல்லை. முன்னால் அவளுடைய தலை. இவ்வளவு நரைத்திருக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டும்போது தெரியவில்லை. லஸ் முனையில் மாப்பிள்ளை கியரை இழுத்துப் போட, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது.

"மெல்ல மாப்பிள்ளை, மெல்ல" என்றாள் அவள். "பின்னாடி வயசானவர் உட்கார்ந்திருக்கார்."